கதவோரத்து ஆணியில் ஒரு கட்டைப்பை

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று எப்போதும் தொங்கும். உள்ளே என்ன என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாம் கார்டுதான் தம்பி. தண்ணி வந்தா இத்த தூக்கினு ஓடுவேன். வேற இன்னா இருக்குது எடுக்க?" என்றார்.

அவசரகாலப் பை பற்றித் தேடிப் பார்த்தால் கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் ஒரே அச்சு. மூன்று நாளைக்குத் தண்ணீர், டப்பா உணவு, டார்ச், ரேடியோ, விசில், முதலுதவிப் பெட்டி. ஆவணங்களுக்குக் கடைசியில் ஒரு வரி. இந்தப் பட்டியலுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1950களில் அணுகுண்டு பயம் பிடித்திருந்தபோது, ஏழு நாளைக்கு உணவு சேர்த்துவைக்கச் சொல்லி அமெரிக்க அரசு 'பாட்டியின் உக்கிராணம்' என்கிற பொருளில் ஒரு பிரச்சாரமே நடத்தியது. ஜப்பானில் 1923 கான்டோ பூகம்பத்தின் நினைவாக 1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள். இரண்டுமே உக்கிராணம் உள்ள வீட்டுக்கு எழுதியவை. சீனிவாசபுரத்தில் பல வீடுகள் ஒரே அறை. மூன்று நாள் தண்ணீரை வைத்தால் படுக்க இடம் இருக்காது.

சென்னைக்காரர்களுக்கு மூட்டை கட்டுவது புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதும் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்ட பிறகு அதைவிடப் பெரிய கிளம்பல். உயர் நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் போனது. ஆனால் அது, போய்ச் சேர ஒரு சொந்த ஊர் இருந்தவர்களின் மூட்டை. ரயில் பிடிக்க அவகாசமும் இருந்தது.

சீனிவாசபுரத்துக்குக் கிழக்கே கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம். இரண்டு பக்கமும் தண்ணீர் வரும், இரண்டும் வேறு வேறு மாதிரி வரும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கத்தில் நிலம் அசைந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு, அலை இங்கே வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. அந்த இரண்டு மணி நேரத்தில் கரைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எச்சரிக்கை அனுப்ப ஒரு மையம் ஹைதராபாத்தில் உருவானது 2007ல்தான். 2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடி சுமத்ரா அசைந்தபோது முன்கூட்டியே தகவல் வந்தது, கரை காலியானது. பெரிய அலை வரவில்லை. அக்காவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பையோடு கிளம்பிப் பையோடு திரும்பிய நாள்.

ஆற்றுப்பக்கத்து முறை 2015 டிசம்பர் 1 இரவும் அதற்கு மறுநாளும். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்தார்கள். வழியில் சேர்ந்த தண்ணீர் தனி. எல்லாமும் கடலில் சேர வேண்டியது இந்த முகத்துவாரம் வழியாகத்தான்.

அலை அடித்த அன்று காகிதத்தைப் பற்றி யாருக்கு நினைப்பு? மறுநாளிலிருந்துதான் அது தொடங்கும். அப்போதைய ரேஷன் கார்டு ஒரு சின்னப் புத்தகம், வருஷா வருஷம் உள்தாள் ஒட்டுவார்கள். உப்புத்தண்ணீரில் ஊறினால் கூழ்தான். அந்தக் கூழோடு போய் "நான் இந்த வீட்டில்தான் இருந்தேன்" என்று நிரூபிக்க வேண்டும். செம்மஞ்சேரியில் வீடு ஒதுக்கிய காலத்தில் ஒதுக்கீட்டு ஆணை என்று இன்னொரு காகிதம் சேர்ந்தது. 2015ல் வெள்ள நிவாரணம் 5,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், பாஸ்புக் பைக்குள் வந்தது. 2023 மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடையில் டோக்கன் வழியாகக் கையில் கொடுத்தார்கள், மறுபடி கார்டு மேலே ஏறியது. நிவாரணம் எந்த வழியாக வந்தது என்கிற இருபது வருஷச் சரித்திரம் அந்தப் பைக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் ஆவணத்தைக் கடைசி வரியில் வைப்பது அவர்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அதுதான் முதல் வரி.

எல்லாம்தான் போனில் இருக்கிறதே, டிஜிலாக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். 2015ல் டவர்கள் செத்தபோது போன் வெறும் டார்ச். அதுவும் சார்ஜ் தீரும்வரை. அடுத்த வருஷம் டிசம்பர் 12ல் வர்தா. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை, நெட் இல்லை. பால் பாக்கெட்டுக்குச் சில்லறை தேடி நான் மந்தைவெளியில் நாலு தெரு சுற்றியிருக்கிறேன். அதனால் பையில் பத்து, இருபது ரூபாய் தாள்கள் வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பத்து போன் நம்பர்களைப் பேனாவால் எழுதிய ஒரு தாளும்.

அக்கா பையில் வேறு என்ன இருந்தது என்றும் பார்த்தேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டு. ஒன்றுக்குள் ஒன்று போட்டு அதில்தான் கார்டுகள். சுகர் மாத்திரை பத்து நாளைக்கு, கூடவே டாக்டர் எழுதிய சீட்டு. ஒரு நைட்டி, ஒரு துண்டு. நாப்கின் பாக்கெட், எந்தப் பட்டியலிலும் பெண்கள் கைபட்டால்தான் இது வரும். வர்க்கி பிஸ்கட். குடும்பத்தோடு எடுத்த ஒரே ஒரு போட்டோ. இதன் இன்னொரு பிரதி 2004ல் போய்விட்டதாம்.

ஏன் பீரோவில் வைக்காமல் கதவில் மாட்டியிருக்கிறீர்கள் என்றேன். "பீரோவாண்ட போய்ட்டு வர்றதுக்குள்ள?" என்று மட்டும் சொன்னார். கடல் வருகிறது என்றால் போகிற வழியில் கைக்கு எட்டினால் எடுப்பது, இல்லாவிட்டால் விட்டுவிட்டு ஓடுவது. திரும்பிப் போய் எடுக்கிற பேச்சே கிடையாது. ஆறு ஏறுகிறது என்றால் எடுக்க நேரம் இருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்குத் துணி எடுக்கிற சமயத்தில் பையைக் கொட்டி, மாத்திரையின் தேதி பார்த்து, பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறார். வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். வீட்டுக்கு வந்து நானும் ஒரு பை தயார் செய்து கதவில் மாட்டினேன். சில்லறை நோட்டு மட்டும் இன்னும் சேரவில்லை. ஏடிஎம்மில் ஐந்நூறாகவே வருகிறது.