பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் அவற்றின் மீட்புக் கலையும்

செல்லரித்த ஏட்டில் ஒரு சொல் அழிந்திருந்தால் பதிப்பாசிரியர் என்ன செய்வது? பொருத்தமெனத் தமக்குத் தோன்றும் சொல்லை இட்டு நிரப்புவதா, புள்ளியிட்டு வெறுமையாக விடுவதா? 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலாகச் சுவடியோடு பழகிய எவரும் இவ்வினாவைத் தவிர்த்ததில்லை. இலக்கியத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றும் வேறொரு துறையிலும் இதே வினா எழுந்திருக்கிறது. வெற்றிடக் குழாய்களால், அதாவது வால்வுகளால், இயங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் தேடியெடுத்து, செப்பனிட்டு, மீண்டும் பாட வைப்பதை இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவர்களது பணியின் பொருளை உணர, முதலில் அக்கருவியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

குழாயின் பிறப்பு

மின்விளக்கின் கண்ணாடி உட்புறம் கறுப்பதன் காரணத்தை ஆராய்ந்த எடிசன், சூடேறிய இழையிலிருந்து வெற்றிடத்தின் வழியே மின்னோட்டம் பாய்வதை 1880களின் தொடக்கத்தில் கண்டார். அதனைப் பயன்கொள்ளும் வழி அன்று புலப்படவில்லை. 1904இல் ஆங்கிலேயப் பேராசிரியர் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், அந்நிகழ்வைக் கொண்டு இரு மின்வாய்களை உடைய குழாயை அமைத்தார். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிட்டதால் அது 'வால்வு' எனப் பெயர் பெற்றது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், அவ்விரு மின்வாய்களுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பியமைப்பைச் செருகினார். வாய்க்காலுக்கு மடை எப்படியோ, மின்னோட்டத்திற்கு அக்கம்பி அப்படி. மடைப்பலகையைச் சிறிதே அசைத்தால் பெருவெள்ளம் கூடிக் குறைவது போல, கம்பியில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது. மெல்லிய குரலைப் பேரொலியாக்கும் வழி இவ்வாறு பிறந்தது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை தொலைபேசியில் உரையாட முடிந்ததும், பின்னர்த் திரைப்படம் பேசத் தொடங்கியதும் இக்குழாயின் துணையால்தான். 1931இல் 'காளிதாஸ்' திரையிடப்பட்ட அரங்குகளில் தமிழை ஒலிக்கச் செய்தவையும் வால்வுகளே.

ஒலியைப் பெருக்குவது எளிதாயிற்று. உள்ளது உள்ளபடி பெருக்குவது எளிதாகவில்லை. குழாய் ஒவ்வொன்றும் ஒலியின் வடிவத்தைச் சிறிது திரித்தே வெளியிட்டது. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் சென்றுகொண்டிருந்த ஹரால்டு பிளாக் என்னும் பொறியாளருக்கு அதற்கான தீர்வு தோன்றியது. வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை எதிர்நிலையில் உள்ளே திருப்பி அனுப்பினால் திரிபு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. கையிலிருந்த நாளிதழின் பக்கத்திலேயே அதனை வரைந்துகொண்டார். 'எதிர்ப் பின்னூட்டம்' எனப்படும் இந்நெறியே பின்வந்த உயர்தர ஆம்ப்ளிஃபயர்களுக்கு அடித்தளம் ஆயிற்று.

1947ஆம் ஆண்டு

டி.டி.என். வில்லியம்சன் என்னும் இளம் பொறியாளர், 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் பிரித்தானிய இதழில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். கேடி66 வகைக் குழாய்கள் இரண்டைக் கொண்டு 15 வாட் ஆற்றலை 0.1 விழுக்காட்டிற்கும் குறைந்த திரிபுடன் தரும் அமைப்பு அது. வெளியீட்டு மின்மாற்றியில் கம்பியை எவ்வாறு சுற்றுதல் வேண்டும் என்பதையும் அவர் ஒளிக்காது எழுதினார். இதழைப் படித்தவர்கள் உலகின் பல பகுதிகளில் அதனைத் தம் கையாலேயே கட்டினர். செய்முறை மறைபொருளாக இருந்த நிலை மாறி, கற்றார் எவரும் செய்து பார்க்கும் பொதுச் சொத்தானது இதனால் விளைந்த நன்மை. ஆயினும் அதே ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வின் புகழ் ஓங்கிய ஆண்டே அதன் மறைவுக்கும் வித்திட்ட ஆண்டாயிற்று.

எனினும் வால்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் எஞ்சியிருந்தன. 1953இல் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 'குவாட் 2' என்னும் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. 1959இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் 'ஸ்டீரியோ 70' என்பதனை வெளியிட்டது. பகுதி பகுதியாகப் பெட்டியில் இட்டு விற்கப்பட்ட அதனை, வாங்கியவர் வீட்டு மேசையில் வைத்தே பூட்டிக்கொள்ளலாம். மூன்றரை லட்சத்திற்கு மேல் விற்றதாகக் கூறப்படும் அக்கருவியே இன்று மீட்பாளர் பலருக்கு முதற்பாடமாக அமைகிறது.

மறைவும் மறுமலர்ச்சியும்

1960களில் டிரான்சிஸ்டர் இல்லங்களுக்குள் புகுந்தது. அது எடை குறைந்தது, சூடு குறைந்தது, விலை உயர்ந்த வெளியீட்டு மின்மாற்றியும் அதற்குத் தேவையில்லை. வால்வுக் கருவிகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயின. ஜப்பானில் மட்டும் ஆர்வலர் சிலர் அவற்றைக் கைவிடவில்லை. அமெரிக்கத் திரையரங்குகள் கழித்துவிட்ட வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகளையும் அவர்கள் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தனர். ஜப்பானியரின் இம்முயற்சிகளை 1970களின் பிற்பகுதியில் பிரெஞ்சு வாசகர்களுக்கு எடுத்துரைத்தவர் ஷான் ஹிராகா. இவ்வாறு ஆர்வம் மேற்கே திரும்பியது. தாம் எறிந்த பொருளின் அருமையைப் பிறர் வாயிலாக உணர்வது எல்லா நாட்டுப் பண்பாட்டிலும் நேர்வதே.

மீட்கும் முறை

பல்லாண்டு உறங்கிய கருவியை உடனே மின் இணைப்பில் பொருத்துவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். மெழுகுத் தாளால் ஆன பழைய மின்தேக்கி கசியுமானால், தடுக்கப்பட வேண்டிய மின்னழுத்தம் அடுத்த குழாயின் கம்பியமைப்பைச் சென்றடையும். குழாய் அளவிறந்த மின்னோட்டத்தை இழுக்க, அதன் தகடு தணலாகச் சிவந்து, இறுதியில் மின்மாற்றியும் எரிந்துபோகும். குழாய் போனால் வேறு குழாய் கிடைக்கும். மூல மின்மாற்றி போனால் கருவியின் உயிரே போனதாகும். கரிமின்தடைகளோ காலப்போக்கில் குறித்த அளவிலிருந்து விலகுகின்றன. குவாட் 2இல் வெளியீட்டுக் குழாய்கள் இரண்டிற்கும் பொதுவாக அமைந்த 180 ஓம் மின்தடை வெப்பத்தால் நலிவதை மீட்பாளர் நன்கறிவர்.

ஆகவே மீட்பவர் முதலில் பார்க்கிறார்; பின்னர் அளக்கிறார்; அதன் பின்னரே மாற்றுகிறார். கசியும் மின்தேக்கிகளை நீக்கிப் புதியன பொருத்திய பிறகு, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றும் கருவியின் வழியாகவோ, தொடராக இணைத்த மின்விளக்கின் காவலோடோ உயிரூட்டுகிறார். உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிர் பறிக்கும் அளவு மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அதனை முறையாக வடித்து, அளந்து உறுதிசெய்யாமல் உள்ளே கைவைத்தலாகாது. ஸ்டீரியோ 70இன் முன்புறத்தில் அளவுமானியைச் செருகி, 1.56 வோல்ட் காட்டும் வரை திருகியைத் திருப்பிக் குழாய்களைச் சீர்செய்வது இறுதிக் கட்டப் பணி.

எது மூலம்?

இங்கேதான் சுவடிப் பதிப்பின் வினா எழுகிறது. ஒரு சாரார் எதையும் இயன்றவரை மாற்றலாகாது என்பர். மற்றொரு சாரார் பழைய மின்தேக்கியின் கூட்டைத் திறந்து, அதனுள் புதியதை மறைத்து வைத்துப் புறத்தோற்றத்தைக் காப்பர். இன்னொரு சாரார் மின்மாற்றிகளையும் சட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சுற்றமைப்பையே புதிதாக்குவர். ஸ்டீரியோ 70இன் 7199 வகைக் குழாய் அரிதாகிவிட்டதால், வேறு குழாய்க்கேற்பத் திருத்திய பலகையைப் பொருத்துவது அதில் வழக்கமாயிற்று.

இவருள் மூலத்திற்கு உண்மையானவர் யார்? மூல ஒலியை மிக அணுகிச் செல்லுதல் என்பதே குவாட் நிறுவனத்தின் குறிக்கோள் வாசகமாக இருந்தது. கருவி தனக்கென ஒரு நிறம் கொள்ளலாகாது என்றே அன்றைய பொறியாளர் உழைத்தனர். இன்றைய சுவைஞர் பலரோ வால்வின் 'இதமான' நிறத்திற்காகவே அதனை நாடுகின்றனர். அளவு மாறிய உறுப்புகளோடு கருவியை ஒலிக்கவிட்டு அதுவே பழைமையின் இனிமை என்பது, எழுத்துப் பிழையைப் புலவரின் புதுமை என்று போற்றுவதற்கு ஒப்பாகும். எனவே தேய்ந்த உறுப்பை மாற்றுவது ஆக்கியோன் கருத்துக்குச் செய்யும் தொண்டே. சுற்றமைப்பை மாற்றிவிட்டுப் பழைய பெயரைச் சூட்டுவது இடைச்செருகல். இரண்டிற்கும் எல்லையை வகுப்பது நேர்மையான குறிப்பேயாகும். கழற்றிய உறுப்புகளைத் தனியே பாதுகாத்து, எதை எப்போது மாற்றினோம் என எழுதி வைக்கும் மீட்பாளர் உண்டு. பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் அறமும் அதுவே.

இக்கலையின் எதிர்காலம் மெல்லிய இழையில்தான் தொங்குகிறது. வால்வு செய்யும் ஆலைகள் இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா எனச் சில நாடுகளில் மட்டுமே பெருமளவில் இயங்குகின்றன. அவற்றையும் பெரிதும் தாங்கி நிற்பது மின்கிதார் இசைக்கலைஞரின் தேவை. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் வால்வு வரத்து தடைப்பட்டபோது உலகெங்கும் ஆர்வலர் கலங்கினர். பல்கலைக்கழகமோ அரசோ பேணாத ஓர் அறிவை, தம் ஓய்வுநேரத்தையும் பொருளையும் செலவிட்டுத் தனிமனிதரே காத்து வருகின்றனர். தமிழில் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்றவர்களும் பெரும்பாலும் அத்தகையோரே. அவர்கள் வழியில் நின்று இலக்கியம் பேணுவோர்க்கு, தொலைவில் நடக்கும் இப்பணியும் உறவுடையதாகவே தோன்றும் என்பதில் ஐயமில்லை.