மாத்திரை வெச்சும் சாகாத வண்டு... அரிசி குடோன்களில் என்ன நடக்குது?

அரிசி மூட்டையைப் பிரித்ததும் வண்டு ஓடினால், "குடோன்ல மருந்தே வைக்கலையா?" என்றுதான் முதலில் கேட்போம். வைத்திருப்பார்கள். அந்த மருந்துக்குச் சில வண்டுகள் இப்போது சாவதில்லை.

என்ன மருந்து அது?

குடோனில் மூட்டைகளை அட்டி போட்டு, மேலே கேஸ் கசியாத ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்துவார்கள். உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கும். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பின் என்ற விஷவாயு வரும். 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு. விலை குறைவு, தானியத்தில் எச்சமும் மிகக் குறைவு. அதனால்தான் இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை இதையே நம்பியிருக்கிறார்கள்.

ஏன் சாகவில்லை?

ஷீட்டில் ஒரு கிழிசல் போதும். வளர்ந்த வண்டும் புழுவும் சீக்கிரம் செத்துவிடும். முட்டையும் கூட்டுப்புழுவும் தாக்குப்பிடிக்கும். அவை அடுத்த பருவத்துக்கு மாறும்வரை வாயு உள்ளே நிற்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் என்று மூடி வைப்பது அதுக்காகத்தான். நடுவில் வாயு கசிந்தால் சாதாரண வண்டு சாகும், தாங்கக்கூடியது மட்டும் பிழைத்து முட்டையிடும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் வாரிசுகள்தான்.

சரி, மாத்திரையை டபுளாக வைத்தால்? அதுவும் வேலைக்கு ஆகாது. வாயு மிக அதிகமானால் வண்டு மயங்கிப்போய் மூச்சைக் குறைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போகும் விஷமும் குறையும். எவ்வளவு வாயு என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம்.

இது புதுக் கதையும் இல்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1972-73ல் 82 நாடுகளில் பூச்சிகளைச் சேகரித்துச் சோதித்தபோதே, சுமார் 10 சதவீத மாதிரிகளில் இந்த எதிர்ப்புத்திறன் இருந்தது. வங்கதேசக் கிடங்குகளில் மருந்து பலிக்காமல் போனது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அங்கும் சரியாக மூடாததுதான் பிரச்சினை. தென்னிந்தியக் கிடங்குகளின் சிவப்பு மாவு வண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. செல்லுக்குள் சக்தி தயாரிப்பில் பங்கெடுக்கும் ஒரு ஜீனில் வரும் மாற்றமே வலுவான எதிர்ப்புக்குக் காரணம் என்று 2012ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

வேறு மருந்து இல்லையா?

மீதைல் புரோமைடு இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005லும், வளரும் நாடுகள் 2015லும் அதைக் கைவிட்டன. ஏற்றுமதி, குவாரன்டைன் தேவைக்கு மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியாவில் பாஸ்பினுக்கு அசையாத தட்டை வண்டுக்கு சல்ஃபியூரில் ஃபுளோரைடு போடுகிறார்கள். ஆனால் முட்டைகளிடம் அது கொஞ்சம் பலவீனம்.

வீட்டு அரிசி டிரம்மில் இந்த மாத்திரையைப் போடவே கூடாது. மூடிய அறையில் பாஸ்பின் ஆளையே கொல்லும், முறிவு மருந்து கிடையாது. வண்டு வந்த அரிசியை வெயிலில் காயவைத்து, புடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவைத்தாலே போதும்.