கெர்ட்ரூட்: மகனின் பித்தும் தாயின் கணிப்பும்

கெர்ட்ரூட், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் டென்மார்க்கின் அரசி; நாயகன் ஹாம்லெட்டின் தாய். கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகாமல் கொழுந்தன் கிளாடியசை மணந்தாள் என்பது மகனின் குமுறல். அந்தக் கிளாடியசே தன்னைக் கொன்றவன் என்று தந்தையின் ஆவி சொல்லக் கேட்டபின் ஹாம்லெட் பித்தன் வேடம் பூணுகிறான்.

மகனுக்கு என்ன ஆயிற்று? தன் மகள் ஒஃபீலியா மீதான காதல்தான் என்று சாதிக்கிறார் அமைச்சர் போலோனியஸ். அவர் அதை விளக்குமுன்பே கெர்ட்ரூட் காரணத்தைச் சொல்லிவிடுகிறாள்: தந்தையின் சாவும் தங்கள் அவசரக் கல்யாணமும். கொலையைப் பற்றி ஏதுமறியாத நிலையிலும், தன் பங்கை மறைக்காமல் சொன்ன சொல் அது. அரண்மனையில் வேறெவரும் உண்மையை இவ்வளவு நெருங்கவில்லை. பிறகு, காதல்தான் காரணமாக இருக்கக்கூடாதா என்றும் ஏங்குகிறாள். பெற்ற மனம்!

அந்தக் கணிப்பு ஆட்டம் காண்பது மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில். அவளது அறையில், திரைக்குப் பின்னிருந்த போலோனியசைக் குத்திக் கொன்ற ஹாம்லெட் வெற்றிடத்தோடு பேசுகிறான். ஆவி அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மகனின் மயிர் குத்திட்டு நிற்பது தெரிகிறது. மூளை கற்பித்த தோற்றம் என்கிறாள். என் நாடியும் உன் நாடிபோலவே சீராக ஓடுகிறது என்று வாதாடும் மகன், தன் பித்து நடிப்பே என்பதை மன்னன் கிளாடியசிடம் சொல்லவேண்டாம் என்கிறான். அவளும் வாக்குக் கொடுக்கிறாள்.

அடுத்த காட்சியிலேயே, கடலும் காற்றும் மோதுவதுபோல் பித்தேறிக் கிடக்கிறான் என்று மன்னனிடம் சொல்கிறாள். நம்பிச் சொன்னாளா, காத்துச் சொன்னாளா? கொன்றதை எண்ணி மகன் அழுகிறான் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். மேடையில் அந்த அழுகையை நாம் பார்ப்பதில்லை; அதனால் காத்துச் சொன்னாள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. 1603இல் வந்த முதல் குவார்ட்டோ பதிப்பில் ஐயத்துக்கே இடமில்லை: கொலை தனக்குத் தெரியாது என்று ஆணையிட்டு, மகனுக்குத் துணைநிற்பதாகச் சொல்கிறாள். 1623 ஃபோலியோ பதிப்பில் துணைநிற்கும் அந்த வாக்குறுதி இல்லை.

1904இல் விமர்சகர் ஏ. சி. பிராட்லி அவளை மந்தமானவள், ஆழமற்றவள் என்றார். 1957இல் விமர்சகர் கரோலின் ஹெய்ல்பிரன் அவள் பேச்சின் சுருக்கத்தையும் தெளிவையும் காட்டி அதை மறுத்தார். கல்யாணத்தைப் பற்றிய அந்த ஒரு சொல்லே ஹெய்ல்பிரன் பக்கம் நிற்கிறது.

கடைசிக் காட்சியில் நஞ்சு கலந்த மதுவை அருந்திய கெர்ட்ரூட், பானத்தில் நஞ்சு என்று மகனை அழைத்துச் சொல்லிவிட்டே இறக்கிறாள்.