படூர் வட்டாரத்துக் கம்பெனிகள்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டி, கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் வருவது படூர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கடல். தென்கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம். கடலோரமாகவே தெற்கே போனால் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும். கடந்த நான்கு நூற்றாண்டுகளில் உலக வணிகம் செய்த பல கம்பெனிகள் இந்தக் கரையில் கடை விரித்தன. அவற்றை இங்கே வரவழைத்தவை உள்ளூர் நெசவும் உழைப்பும் பிற்காலத்தில் படிப்பும். அவை போன காரணம் பெரும்பாலும் வேறெங்கோ, வியன்னாவிலோ லண்டனிலோ, தீர்மானமானது.

முதலில் வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1602-இல் தொடங்கிய அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தது. அவர்களுக்கு வேண்டியது மொலுக்கத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே செங்கற்பட்டுச் சீமையின் தறிகளில் நெய்த துணி கீழைத்தீவுகளுக்குப் போய் வாசனைப் பொருளாக மாறியது. வாசனைப் பொருள் ஆம்ஸ்டர்டாமில் பணமானது.

கோவளத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1714-க்குப் பிறகு இன்றைய பெல்ஜியம் ஆஸ்திரியப் பேரரசின் ஆளுகைக்குள் வந்தது. அங்குள்ள ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள் பேரரசரின் அனுமதிச் சீட்டுடன் கீழை நாடுகளுக்குக் கப்பல் விட்டார்கள். கோவளத்தில் அவர்கள் கால் ஊன்றியது 1719 வாக்கில். ஆங்கிலேயரின் சென்னைக்கும் டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, இருவர் கைக்கும் எட்டாத ஓர் இடத்தை அவர்கள் தேடிப் பிடித்தது நல்ல வியாபார புத்தி. 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுடைய ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு முப்பது ஆண்டுக்கான பட்டயம் தந்தார். முதலீடு 60 லட்சம் கில்டர். அடுத்த ஆண்டு ஆண்ட்வெர்ப்பில் பங்குகள் விற்பனைக்கு வந்ததும் ஓரிரு நாளில் தீர்ந்துபோயின.

இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை அவை. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பலின் உறுதியான படகு இதே அலையில் சிதறிவிடும். கரையில் துபாஷிகளும் (இருமொழித் தரகர்கள்) வணிகச் செட்டிகளும் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி சேர்ப்பார்கள். துணியை அளந்து, தரம் பிரித்து, வெளுத்து, கட்டுக் கட்டிப் படகேற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கப்பல் கிளம்பியாக வேண்டும். கெடு தப்பினால் அந்த ஆண்டு வியாபாரம் போனதுதான்.

ஆனால் ஆஸ்டெண்ட் கம்பெனிக்குப் பெரிய லாபம் தந்தது துணியல்ல, சீனாவின் கான்டன் தேயிலை. அதில் பெரும்பங்கு கள்ளத்தனமாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் கொதித்ததற்கு இதுவே காரணம். இரு நாடுகளும் பேரரசரை நெருக்கின. சார்லஸுக்கோ வேறு கவலை. ஆண் வாரிசு இல்லாததால், மகள் மரியா தெரசா அரசுரிமை பெற ஐரோப்பிய அரசுகளின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1727-இல் கம்பெனியின் பட்டயத்தை ஏழாண்டுக்கு நிறுத்திவைத்தார். 1731-இல் வியன்னா ஒப்பந்தத்தின்படி கம்பெனியைக் கைவிட்டார். கைமாறாக இங்கிலாந்து மகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது. நஷ்டத்தால் அல்ல, லாபம் வந்ததாலேயே மூடப்பட்ட கம்பெனி இது. அதை நடத்தியவர்களின் திறமையில் குறை சொல்ல அதிகம் இல்லை. அரசரின் தயவை மட்டும் மூலதனமாக நம்பியதுதான் பலவீனம்.

பிறகு கோவளத்தில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் சாதத் பந்தர் என்ற கோட்டையைக் கட்டினார். 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அபாயக் கொடி காட்டியது. மாலுமிகள் ஸ்கர்வி நோயால் சாகிறார்கள், கரையில் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். பார்க்க மெலிந்தவர்களாகப் பொறுக்கி எடுத்த சிலர் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு உள்ளே வந்து, இரவோடு இரவாகக் கோட்டையைப் பிடித்தார்கள். 1752-இல் ராபர்ட் கிளைவ் அனுபவமற்ற புதுப் படையாட்களோடு வந்து அதை மீட்டு இடித்தார். முற்றுகைத் தொடக்கத்தில், முதல் குண்டுச் சத்தத்திலேயே அந்தப் புதுப் படை ஓடியிருந்தது. காவலுக்கு நின்ற ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள் என்பது பிரசித்தம்.

டச்சுக் கம்பெனி 1799 முடிவில் கலைக்கப்பட்டது. அதற்குள் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. கைத்தறித் துணியை வாங்கிப்போன நாடே துணி விற்கத் தொடங்கியது. 1824 ஆங்கில–டச்சு ஒப்பந்தத்தில் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போயிற்று. அதே ஒப்பந்தத்தில் சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரருக்குக் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துக்கு மிஞ்சியது உப்பளமும் மீன்பிடியும் கால்வாய்ப் படகும். சென்னையிலிருந்து வடக்கே 1806-இல் தனியார் வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் அரசின் கைக்கு வந்து தெற்கேயும் நீண்டது. 1870-களில் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரை அது பெற்றது.

கம்பெனிகள் மறுபடி வந்தது படிப்பைத் தேடி. படூரில் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கியது 1985-இல். அப்போது இந்தச் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் இன்னும் பெருகவில்லை. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1997-இல் தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதற்கு முன்பே, கணினிகளின் 2000-ஆம் ஆண்டுக் கோளாறைத் திருத்தும் அவசரம் அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. 1994-இல் சென்னையில் ஓர் அமெரிக்கத் தகவல் நிறுவனத்தின் உள்வேலைப் பிரிவாகத் தொடங்கிய காக்னிசன்ட், 1998-இல் நாஸ்டாக்கில் பட்டியலாயிற்று. தாய் நிறுவனத்தின் வேலையை மட்டும் நம்பியிராமல் வெளி வாடிக்கையாளரைத் தேடியதால், தாய் நிறுவனம் பிளவுபட்டபோதும் அது நிலைத்தது. ஆஸ்டெண்ட் கம்பெனிக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. படூருக்கு அருகே சிறுசேரி சிப்காட் பூங்காவில் காக்னிசன்டும் டி.சி.எஸ். நிறுவனமும் பெரிய வளாகங்கள் அமைத்தன. படூரில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

மேற்கே மறைமலைநகரில் ஃபோர்டு வேறு விதமாக முடிந்தது. 1995-இல் மகிந்திராவுடன் கூட்டாக வந்த அது, 1999-இல் ஐகான் காரை இறக்கியது. சிறு கார் சந்தையை மாருதியும் ஹூண்டாயும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி திறக்கும் விருப்பக் கடிதத்தைத் தமிழ்நாடு அரசிடம் கொடுத்தது.

மென்பொருள் துறைக்கும் 2025 கடினமான ஆண்டாக இருந்தது. உலக அளவில் ஊழியரில் ஏறத்தாழ 2 சதவீதத்தைக் குறைப்பதாக டி.சி.எஸ். ஜூலையில் அறிவித்தது. செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது.