இறுதியாண்டு ப்ராஜெக்ட்: விலைக்கு வாங்கலாமா?

கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரு பேச்சு எழும். "அத்தா, ப்ராஜெக்டுக்குப் பணம் கட்டணும்." பரீட்சைக் கட்டணம், பஸ் கட்டணம் போல இதுவும் ஒரு கட்டணம் என்று நினைத்துப் பெற்றோரும் எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தப் பணம் கல்லூரிக்குப் போவதில்லை. நகரத்தில் "இங்கு ப்ராஜெக்ட் செய்து தரப்படும்" என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு கடைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு கருவியும், பைண்டிங் செய்த அறிக்கையும் வருகின்றன. பிள்ளை அதை மனப்பாடம் செய்து நேர்முகத் தேர்வில் ஒப்பிக்கிறது. பட்டமும் கிடைத்துவிடுகிறது. இதில் எதை இழந்தோம் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

நம்மில் பலருடைய பிள்ளைகள்தாம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை. எனவே இந்த ப்ராஜெக்ட் என்பது என்ன, அதை எப்படிச் செய்ய வேண்டும், பண உதவி எங்கே கிடைக்கும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது அவசியம்.

ப்ராஜெக்ட் என்றால் என்ன?

மூன்று ஆண்டு, நான்கு ஆண்டுப் படிப்பில் மற்ற எல்லாப் பாடங்களிலும் கேள்வியை ஆசிரியர் கேட்கிறார். விடை புத்தகத்தில் இருக்கிறது. ப்ராஜெக்டில் மட்டும்தான் கேள்வியை மாணவரே கேட்கிறார். அதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் அப்படியே இருக்காது.

அதற்கு ஆறு படிகள் உண்டு. ஒரு சிறிய, தெளிவான கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. அதைப் பற்றி முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று படிப்பது. சோதிக்கும் முறையை முடிவு செய்வது. சோதித்து அளந்து, அளந்ததை அன்றன்றே நோட்டில் எழுதுவது. அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது. கடைசியாக அறிக்கை எழுதி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. பொறியியலில் பெரும்பாலும் மூன்று நான்கு பேர் குழுவாகச் செய்வார்கள். ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார்.

கேள்வி நம் ஊரிலேயே இருக்கிறது

கேள்வியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரிஷிவந்தியத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இந்தப் பகுதி கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரிப்பார்கள், சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் சிலிக்கா அதிகம். நன்றாக அரைத்துச் சலித்தால் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம் என்பது ஆய்வாளர்கள் அறிந்த செய்தி. நம் ஆலைச் சாம்பலை எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம்? சிவில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல கேள்வி.

செய்யும் முறையும் சிரமமானதல்ல. சாம்பல் சேர்க்காதது, 5 சதவீதம், 10 சதவீதம், 15 சதவீதம் என நான்கு கலவைகள். ஒவ்வொன்றிலும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டைகள் வார்த்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். 7-ஆம் நாள் மூன்று கட்டைகளையும், 28-ஆம் நாள் மூன்று கட்டைகளையும் கல்லூரி ஆய்வகத்து இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு எடையில் நொறுங்குகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 24 கட்டைகள். சாம்பல் சேர்க்காத கட்டை எதற்கு என்றால், ஒப்பிட ஒன்று வேண்டும். மூன்று மூன்றாக எதற்கு என்றால், ஒரே ஒரு கட்டையில் வார்ப்புக் குறை இருந்தால் முடிவே தவறிவிடும். இந்த இரண்டு விஷயங்களும் பிடிபட்டுவிட்டால், ஆய்வு என்பதன் அடிப்படையையே அந்தப் பிள்ளை பிடித்துவிட்டது என்று பொருள்.

வேதியியல் படிக்கும் மகளுக்குத் தண்ணீர் இருக்கிறது. பத்து ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரை மழைக்கு முன்பும் பின்பும் எடுத்துச் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை; அதிகபட்சம் 1.5. அதற்கு மேல் போனால் வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். மகளின் அறிக்கை அந்தத் தெருவுக்கே பயன்படும். விலங்கியல் படிப்பவருக்கு 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தை அழித்த படைப்புழு இருக்கிறது. தாவரவியல் படிப்பவருக்குக் கல்வராயன் மலைக் கடுக்காய் இருக்கிறது.

எதிர்பார்த்த முடிவு வரவில்லையே என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். 15 சதவீதச் சாம்பலில் கட்டை பலவீனமாகிறது என்று தெரிந்தால் அதுவும் ஒரு முடிவுதான். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

அப்துல் கலாமின் ப்ராஜெக்ட்

நம் வீடுகளில் அப்துல் கலாமின் பெயரைச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அவர் செய்த கல்லூரி ப்ராஜெக்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்து, 1950-களின் நடுவில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். சேர்க்கைப் பணத்துக்காக அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அங்கே நான்கு நண்பர்களுடன் சேர்ந்து, தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். வேலை திருப்தியாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும் நிலை. கலாம் இரவுச் சாப்பாட்டையும் விட்டு வரைபலகையே கதியென்று இருந்து முடித்தார். பேராசிரியர் பார்த்துத் தட்டிக்கொடுத்தார்.

அன்று அந்த வரைபடத்தை யாராவது விலைக்கு விற்றிருந்தால், கலாம் அதை வாங்கியிருந்தால், உதவித்தொகை மட்டும் தப்பியிருக்கும். தம்மால் முடியும் என்ற நம்பிக்கை பிறந்திருக்காது. அடகு போன வளையலுக்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அதுதான்.

அதே எம்.ஐ.டி. பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாயிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் இஸ்ரோவின் வழிகாட்டுதலில் உருவாக்கிய 40 கிலோ 'அனுசாட்' செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணுக்குப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ 'நியுசாட்' 2017 ஜூன் 23 அன்று ஏவப்பட்டது. பயிர்களைக் கண்காணிக்கவும் பேரிடர் காலத்தில் உதவவும் படம் எடுப்பது அதன் வேலை.

சட்டம் விட்ட இடம்

பிறர் எழுத்தைத் திருடித் தம்முடையதாகத் தருவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகள் கொண்டுவந்தது. முதுநிலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளில் 60 சதவீதத்துக்கு மேல் திருட்டு இருந்தால் பதிவே ரத்தாகும். ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கைகள் அந்த விதிகளில் சேரவில்லை. ஆகவே இளங்கலை மாணவர் விலைக்கு வாங்கினால் இந்த விதி அவரைப் பிடிக்காது. சட்டம் விட்ட இடத்தில் வீடுதான் நிற்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் "இது எங்கள் சொந்தப் பணி" என்று பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. கையெழுத்தும் ஓர் அமானிதம். பொய்யான கையெழுத்தோடு படிப்பை முடிக்கும் பிள்ளைக்கு, வேலைக்கான நேர்காணலில் "இதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி வழங்குகிறது. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். யார் விண்ணப்பிக்கலாம், எப்போது என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பிளஸ் டூ தேர்வில் தம் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பி.எஸ்சி. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை விடுமுறை ஆய்வுக்காகவே தரப்படுகிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித் திட்டத்தில் தேர்வானால், பெரிய ஆய்வுக்கூடங்களில் இரண்டு மாதம் விஞ்ஞானிகளுடன் வேலை செய்யலாம்.

பெற்றோரும் ஜமாஅத்தும்

பெற்றோருக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "உன் கேள்வி என்ன? இந்த வாரம் எதை அளந்தாய்? நோட்டைக் காட்டு" என்று வாரம் ஒருமுறை கேட்டால் போதும். செய்கிற பிள்ளை ஆர்வமாகக் காட்டும். பணம் கேட்டால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பட்டியல் கேளுங்கள். கம்பி, சென்சார், ரசாயனம் வாங்கக் கொடுங்கள். முடித்த அறிக்கை வாங்கக் கொடுக்காதீர்கள். பெண் பிள்ளை என்றால் ஆய்வகத்தில் மாலை தாமதமாகும் நாட்களில் அழைத்து வர ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பல மகள்களின் ப்ராஜெக்ட் அந்த ஒரு காரணத்தால்தான் கடைக்குப் போகிறது.

ஜமாஅத்துகள் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கின்றன. அதோடு, சொந்தமாக ப்ராஜெக்ட் செய்த பிள்ளைகளை ஒரு நாள் ஊரார் முன் நிறுத்தி, செய்ததைத் தமிழில் விளக்கச் சொல்லலாம். ஏழை மாணவருக்குக் கருவி வாங்க ஒரு சிறு நிதியும் ஒதுக்கலாம். பணம் கட்ட வேண்டும் என்று இந்த ஆண்டு உங்கள் பிள்ளை வந்து நின்றால், பையை எடுக்கும் முன் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வி என்னவென்று கேளுங்கள்.