திடக்கழிவு மேலாண்மைக் கொள்கை (இந்தியா)

திடக்கழிவு மேலாண்மைக் கொள்கை என்பது, வீடு, கடை, சந்தை, உணவு விடுதி முதலியவற்றில் நாள்தோறும் கழிக்கப்படும் பொருள்களைச் சேகரித்தல், தரம் பிரித்தல், உரமாகவோ மறு உற்பத்திக்குரிய மூலப்பொருளாகவோ மாற்றுதல், எஞ்சியதைத் தீங்கின்றிப் புதைத்தல் ஆகிய காரியங்களை யார், எவ்விதம், யாருடைய செலவில் செய்வது என்பதைப் பற்றி அரசும் நகரசபைகளும் வகுக்கும் நெறிமுறைகளின் தொகுதியாகும். இந்தியாவில் இக்கொள்கை இன்றைய உருவைப் பெற்றதில் குடிமக்களின் முறையீட்டுக்கும் நீதிமன்றத்தின் ஆணைக்கும் பிரதான பங்கு உண்டு.

பொருளின் இயல்பு : இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறையப் பாதி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாழையிலை போன்ற மக்கும் பொருளே. அது தனியே நின்றால் சில வாரங்களில் உரமாகும். காகிதமும் கண்ணாடியும் தகரமும் தனியே நின்றால் விலைபோகும். காயலான் கடைத் தராசின் அருகே சற்று நேரம் நின்றால் இவ்வுண்மை விளங்கும்: கட்டிவைத்த பழைய செய்தித்தாளை எடைபோட்டு வாங்கும் கடைக்காரர், அதே தாள் குழம்பும் சோறும் பட்டு நனைந்து வந்தால் ஒருமுறை புரட்டிப் பார்த்து ஒதுக்கிவிடுவார். கலந்தபின் இரண்டுமே பிரயோசனமிழந்து, கிடங்கில் மேடாகக் குவிந்து, காற்றுப் புகாத அடிப்பகுதியில் அழுகி, மீத்தேன் வாயுவை வெளிவிட்டுத் தீப்பற்றுதற்கும், மழைக்காலத்தில் கறுத்த கசிவு நீராய் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தற்கும் ஏதுவாகின்றன. ஆகவே, கொள்கையின் சகல விவகாரங்களுக்கும் அடிப்படை, குப்பை பிறக்கும் இடத்திலேயே அதைப் பிரித்தல் ஆகும்.

சட்டமும் வழக்கும் : பழைய நகராட்சிச் சட்டங்கள், குப்பையைத் தெருவினின்று அகற்றுவதையே நகரசபையின் கடமையாகக் கருதின, அகற்றியது எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் அவை அதிகம் கருத்துச் செலுத்தவில்லை. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரத்தோடு திடக்கழிவு மேலாண்மையையும் நகர ஸ்தாபனங்களுக்குரிய துறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1994-இல் சூரத் நகரில் பிளேக் நோய் பரவியதெனப் பீதி எழுந்து ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, நகரத் துப்புரவின் சீர்கேடு நாடெங்கும் பேச்சாயிற்று.

1996-இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் நியமித்த குழு, கல்கத்தா மாநகராட்சி ஆணையர் அசிம் பர்மன் தலைமையில் ஆராய்ந்து 1999-இல் அறிக்கை தந்தது; அதன் பயனாக, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியாயின. அவற்றின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டுத் தீங்குக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களுக்குத் தனிப் பொறுப்பு விதித்தன. குப்பை பொறுக்குவோரை ஒழுங்குமுறைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றத்திலிருந்து தன்னிடம் மாற்றப்பட்ட அல்மித்ரா படேல் வழக்கை முடித்துவைக்கையில், திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்க ஆணையிட்டது.

குடிமக்கள் இயக்கங்கள் : சென்னையில் எம். பி. நிர்மல் 1989-இல் தோற்றுவித்த எக்ஸ்னோரா, தெருவாசிகளே சங்கமாகக் கூடி, மாதந்தோறும் சிறு தொகை திரட்டி, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி வீடுவீடாகக் குப்பை வாங்கச் செய்யும் முறையைப் பரப்பியது. அவ்வூழியருக்குத் தெரு அழகுபடுத்துவோர் என்று பெயரிட்டமை, தொழிலின் மீதிருந்த இழிவெண்ணத்தைத் துடைக்கும் முயற்சியாகும். புனேயில் 1993-இல் குப்பை பொறுக்குவோர் அமைத்த தொழிற்சங்கமான காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து வேறொரு வழி சென்றது. மீள்சுழற்சிக்குரிய பொருளைப் பிரித்தெடுப்பதால் நகரசபையின் செலவைத் தாங்கள் குறைக்கிறோம் என்று வாதாடி, அவ்வுழைப்புக்கு அங்கீகாரம் பெற்று, பின்னர் ஸ்வச் என்னும் கூட்டுறவு அமைப்பின் வாயிலாக 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீட்டார் தரும் மாதக் கட்டணமும், பிரித்த பொருளை விற்ற பணமும் அத்தொழிலாளர்க்கு வருவாயாகின்றன.

தமிழ்நாட்டில் : 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடைசெய்யப்பட்டன, 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிற்று. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டுக் கொடுக்கும் துணிப்பையே பிரசாரத்தின் சின்னமானது குறிப்பிடத்தக்கது. சென்னையில் கொடுங்கையூர்க் கிடங்கிலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைக் கிளறிச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் எனப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. வீட்டில் ஒரு நிமிஷத்தில் முடியக்கூடிய வேலையைப் பல ஆண்டு கழித்து இயந்திரங்களைக் கொண்டு செய்யும் பெருஞ்செலவே இது.

இடர்கள் : கலப்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் பற்றிக் கருத்து வேற்றுமை நிலவுகிறது, ஈரம் மிகுந்த குப்பை நன்கு எரியாது என்பதும், எரியத்தக்க காகிதமும் பிளாஸ்டிக்குமே மீள்சுழற்சிக்கும் உரியவை என்பதும் எதிர்ப்போர் கூறும் காரணங்கள். ஆயினும் மிகச் சாதாரணமான இடர் தெருவிலேயே நேர்வது. இரண்டு கூடைகளில் கவனமாகப் பிரித்து வைத்ததை, வண்டி வந்ததும் ஒரே தொட்டியில் கொட்டக் கண்ட வீட்டார், மறுவாரம் முதல் ஒரே கூடையையே வாசலில் வைப்பர். ஆகவே, வீட்டாரைப் பிரிக்கச் சொல்லும் விதி, வண்டியிலும் கிடங்கிலும் அப்பிரிவினையைக் காக்கும் ஏற்பாடு உள்ள அளவுக்கே நிறைவேறுகிறது.