காது கேட்காதவங்ககிட்ட கத்தாதீங்க... இப்படிப் பேசுங்க!

'என்னப்பா சொன்ன?' என்று பாட்டி மூணாவது முறை கேட்டதும் கத்துறீங்களா? பயன் இல்லை. வயதானால் 'ஸ', 'ஷ' போன்ற கீச்சு ஒலிகள்தான் பெரும்பாலும் முதலில் மங்கும். அதனால், சத்தம் கேட்கும்; வார்த்தை புரியாது.

என்ன செய்யலாம்?

* டிவியை நிறுத்திட்டு, வெளிச்சத்தில் முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்க. உதட்டசைவு உதவும்.

* புரியலைன்னா, வேறு வார்த்தையில் சொல்லுங்க.

* ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' ஆப், பேச்சைத் தமிழ் எழுத்தாகக் காட்டும்.

* காது கேட்கும் கருவி பழக சில வாரங்கள் ஆகலாம். அவசரப்படுத்தாதீங்க.

முக்கியமா, 'ஒண்ணுமில்ல பாட்டி, விடுங்க'னு சொல்லிடாதீங்க. வீடே சிரிக்கும்போது, எதுக்குன்னே தெரியாம உட்கார்ந்திருப்பது பெரிய தனிமை. அந்த ஜோக்கை இன்னொரு முறை சொல்லுங்க!